கிறிஸ்துமஸ் தீவு – கொக்கோஸ் தீவு: விமான தூரம், பயண நேரம் பற்றிச் சிங்கப்பூரர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து தெற்கே போய் ஜாவாவைத் தாண்டினால் இந்தியப் பெருங்கடலில் முதலில் வருவது கிறிஸ்துமஸ் தீவு. அதற்கு மேற்கே, சுற்றிலும் கடல் மட்டுமே இருக்கும் இடத்தில் கொக்கோஸ் கீலிங் தீவுகள். இரண்டும் இன்று ஆஸ்திரேலியாவின் ஆட்சிப் பகுதிகள். ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சிவப்பு நண்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, "பக்கத்துலதானே இருக்கு, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. தீவு பக்கத்தில்தான் இருக்கிறது. போகும் வழிதான் சுற்று. தூரத்தை மட்டும் பார்த்து விடுப்புக்கு எழுதிக்கொடுத்தால் சிரமப்படுவீர்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் ஏறத்தாழ 985 கிலோமீட்டர். கடல் மைலில் சொன்னால் 532. (ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர், விமானிகள் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.) கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கிளம்பும் விமானம் கிட்டத்தட்ட மேற்கு நோக்கியே போகும், சற்றுத் தெற்கே சாய்ந்திருக்கும். சாங்கியிலிருந்து ஜகார்த்தா 880 கிலோமீட்டர் சொச்சம். அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேறுபாடு, ஜகார்த்தா வழியில் கீழே சுமத்ராவும் பங்காவும் தெரியும். இங்கே வழியில் ஒரு திட்டு நிலம்கூடக் கிடையாது.

பதிவுச்சீட்டில் கிறிஸ்துமஸ் தீவுக்கு எக்ஸ்சிஎச் என்றும் கொக்கோஸுக்கு சிசிகே என்றும் குறியீடு இருக்கும். அட்டவணை தேடும்போது இவற்றைப் போட்டுத் தேடுவது நல்லது. 'கிறிஸ்துமஸ் தீவு' என்று தேடினால் பசிபிக்கில் கிரிபாத்தி நாட்டிலுள்ள இன்னொரு கிறிஸ்துமஸ் தீவும் வந்து குழப்பும்.

பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்றரை மணி நேரத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் வரை. கணக்கு எளிது. இந்த வழியில் பறக்கும் நடுத்தர ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 985 கிலோமீட்டருக்கு 71 நிமிடம். ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கும், இறங்கிய பின் நின்ற இடத்துக்கு வந்து சேர்வதற்கும் சில நிமிடம் வேண்டும். எல்லாம் சேர்த்து 25 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்தில் ஒரு மணி பத்து நிமிடம், இன்னொன்றில் ஒரு மணி நாற்பது நிமிடம் என்று இருக்கிறதே. எதை நம்புவது?

முதலாவது தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்கிறது. இரண்டாவது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல் இன்னொரு நிலையத்தில் நிற்கும் வரையான நேரம். பயணச்சீட்டில் இருப்பது இரண்டாவது வகைதான். தூரக் கணிப்பான்கள் காட்டும் நேரத்தை வைத்து அடுத்த விமானத்தையோ படகையோ திட்டமிடாதீர்கள்.

சீட்டில் 12 மணிக்குக் கிளம்பி 1.05க்குச் சேரும் என்று போட்டிருந்தால் அது ஒரு மணி ஐந்து நிமிடப் பயணம்தானே?

இல்லை. இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. கிறிஸ்துமஸ் தீவின் நேரம் உலக நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால். கொக்கோஸின் நேரம் 6 மணி 30 நிமிடம் முன்னால். ஆக, நண்பகல் 12 மணிக்குக் கிளம்பி ஒரு மணி 35 நிமிடம் பறந்தால் கிறிஸ்துமஸ் தீவுக் கடிகாரத்தில் 1.35 ஆகியிருக்கும். கொக்கோஸ் கடிகாரம் அரை மணி பின்தங்கியிருப்பதால் அங்கே 1.05. திரும்பி வரும்போது அந்த அரை மணியைக் கொடுத்துவிட வேண்டும்: கொக்கோஸில் 1 மணிக்குக் கிளம்பினால் கிறிஸ்துமஸ் தீவில் 3.05.

சிங்கப்பூர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டால், கிறிஸ்துமஸ் தீவு நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், கொக்கோஸ் ஒன்றரை மணி நேரம் பின்னால். பெர்த்தும் சிங்கப்பூரும் ஆண்டு முழுக்க ஒரே நேரம். சென்னையில் உள்ளவர்களுக்கு அழைக்க வேண்டுமானால் கொக்கோஸிலிருந்து மிக வசதி, சரியாக ஒரு மணி நேர வித்தியாசம்தான்.

படத்தை எடுத்துப் பார்த்தால் கிறிஸ்துமஸ் தீவு சிங்கப்பூருக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே முதலில் உச்சிக்கு வருகிறது. ஆனாலும் நம் கடிகாரம்தான் முன்னால் ஓடுகிறது. தீவுகள் இரண்டும் சூரியனை ஒட்டியே நேரம் வைத்திருக்கின்றன. நாம்தான் 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டோம். அதற்கு முன் இங்கேயும் ஏழரை மணிக் கணக்குதான், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு விடிந்து பழகிய நமக்கு, ஆண்டிறுதியில் கிறிஸ்துமஸ் தீவில் ஐந்தரை மணி வாக்கிலேயே வெயில் முகத்தில் அடிப்பது முதல் நாள் விசித்திரமாகத்தான் இருக்கும். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், இறங்கியதும் சுவர்க்கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு தூரம்? நேரடி விமானம் உண்டா?

சாங்கியிலிருந்து கிறிஸ்துமஸ் தீவு ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். பேங்காக்கே இதைவிடத் தூரம். கொக்கோஸ் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். நேரடியாகப் பறந்தால் இரண்டு மணி நேரத்தில் கிறிஸ்துமஸ் தீவில் இருக்கலாம்.

ஆனால் நம்பிப் பயணம் திட்டமிடக்கூடிய வழக்கமான சேவை பெர்த்திலிருந்துதான். அங்கிருந்து போகும் விமானம் பெரும்பாலும் முக்கோணமாகச் சுற்றும். பெர்த், ஒரு தீவு, மற்றொரு தீவு, மீண்டும் பெர்த். எந்தத் தீவு முதலில் என்பது நாளைப் பொறுத்து மாறும். இரு தீவுகளுக்கும் இடையே போக விரும்பினால் இந்த முக்கோணத்தின் ஒரு பக்கத்தில்தான் இருக்கை வாங்குகிறீர்கள். வாரத்தில் சில நாள் மட்டுமே சேவை, அதுவும் ஆஸ்திரேலிய அரசின் நிதி ஆதரவோடு நடப்பது. கிறிஸ்துமஸ் தீவில் ஆயிரத்து எழுநூறு பேர், கொக்கோஸில் அறுநூறு பேர் என்ற அளவில்தான் மக்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரை நம்பித் தினமும் விமானம் விட யாராலும் முடியாது.

ஜகார்த்தாவிலிருந்து கிறிஸ்துமஸ் தீவுக்குத் தனி ஏற்பாட்டு விமானங்கள் பறந்த காலங்கள் உண்டு. வெறும் 490 கிலோமீட்டர். நீங்கள் தேடும் மாதத்தில் அப்படி ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள்.

பெர்த் வழியாகப் போனால் மொத்தம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சாங்கி–பெர்த் சுமார் 3,900 கிலோமீட்டர், ஐந்தேகால் மணி நேரம். பெர்த்–கிறிஸ்துமஸ் தீவு 2,610 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரத்துக்கு மேல். கூட்டினால் 6,500. அதாவது 1,320 கிலோமீட்டரில் இருக்கும் தீவை அடைய அதன் ஐந்து மடங்கு பறக்கிறோம். அதில் பெரும்பகுதி, தெற்கே போன அதே கடலைத் திரும்ப வடக்கே கடப்பது.

பெர்த்–கொக்கோஸ் நேராகப் போனால் 2,940 கிலோமீட்டர் சொச்சம். நம்மவர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டுமானால், சிங்கப்பூர்–சென்னை தூரம். நான்கு மணி நேரமும் அதற்குச் சற்று மேலும் ஆகும். குளிர்காலத்தில், அதாவது நமது ஜூன் விடுமுறைச் சமயத்தில், ஆஸ்திரேலியாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து வலுவான காற்றோட்டம் இருக்கும். தீவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, பெர்த்துக்குத் திரும்பும்போது பின்காற்று. அதனால் அதே தூரத்துக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. தீவுகளுக்கு இடையிலான 985 கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பறக்கும் நேரம் மட்டும் இப்படி. பெர்த்தில் ஓர் இரவாவது தங்க வேண்டியிருக்கும் என்றே கணக்குப் போடுங்கள். தீவு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது நாளைக்கு இல்லை, மூன்று நான்கு நாள் கழித்துத்தான். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரு நாள் கைவசம். இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு மிச்சம் இருப்பதுதான் உங்கள் விடுமுறை.

கிறிஸ்துமஸ் தீவில் இறங்காமலேயே விமானம் திரும்பிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. காரணத்தைத் தெரிந்துகொண்டால் கோபம் வராது.

இந்தத் தீவு கடலடி எரிமலையின் உச்சி. கரையிலிருந்து படிப்படியாகச் செங்குத்தாக உயர்ந்து, நடுவில் மேட்டு நிலமாக இருக்கிறது. விமான நிலையம் அந்த மேட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில். ஓடுபாதையின் நீளம் 2,100 மீட்டர். இப்போது கடலின் மேல் 300 மீட்டர் உயரத்தில் மேகம் படர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நிற்பவருக்கு அது சாதாரண மப்பும் மந்தாரமும்தான். ஆனால் ஓடுபாதையின் கணக்கில் அந்த மேகம் தலைக்கு மேல் 20 மீட்டரில் நிற்கிறது. விமானி ஓடுபாதை விளக்கைக் கண்ணால் பார்க்க வேண்டிய உயரத்தில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஊரில் கடைவீதியில் வெயில் அடிக்கும்போதே மேலே விமான நிலையம் மூடிக்கிடப்பது இப்படித்தான்.

நகரங்களுக்கு இடையே என்றால் பக்கத்து நிலையத்தில் இறக்கிவிடலாம். இங்கே பக்கத்து நிலையம் என்பது ஜகார்த்தா அல்லது 985 கிலோமீட்டரில் இருக்கும் கொக்கோஸ். அதனால்தான் இப்படிப்பட்ட தீவுகளுக்குப் போகும் விமானம், இறங்க முடியாவிட்டால் வேறொரு இடத்துக்குப் போய்ச் சேரும் அளவுக்கு எரிபொருளைச் சுமந்துகொண்டு கிளம்புகிறது. அந்தக் கனத்துக்காகச் சில நாள் சரக்கைக் குறைப்பார்கள்.

இந்த எச்சரிக்கை வீணானது அல்ல. 2009 நவம்பர் 18 அன்று சமோவாவின் அபியாவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு மெல்பர்ன் போகக் கிளம்பிய சிறிய ஜெட் ஒன்று, எரிபொருள் நிரப்ப, பசிபிக்கில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான நோர்ஃபோக் தீவுக்கு வந்தது. அங்கே வானிலை கெட்டுவிட்டது. பலமுறை முயன்றும் ஓடுபாதை தெரியவில்லை. வேறிடம் போக எரிபொருளும் இல்லை. இருட்டில் கடலில் இறக்கினார்கள். ஆறு பேரும் உயிர் தப்பினார்கள். தொலைதூரத் தீவுகளுக்கான எரிபொருள் விதிகளை ஆஸ்திரேலியா மீண்டும் எடுத்துப் பார்த்ததற்கு அந்த இரவு முக்கியக் காரணம். விமானி திரும்பிப் போக முடிவெடுத்தால் அது உங்கள் நன்மைக்குத்தான். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கொக்கோஸிலும் இதே தொல்லையா?

குறைவு. அது பவளத் தீவு, தட்டையான நிலம். ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர்தான், நீளமும் 2,400 மீட்டருக்கு மேல். புயல் வந்தால் மட்டும் விதிவிலக்கு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடலில் புயற்பருவம்.

இந்த ஓடுபாதைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ் விமானப்படை தென்னந்தோப்பை அழித்து இதைப் போட்டது. 1952இல் குவாண்டாஸ், பெர்த்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் விட்டபோது கொக்கோஸிலும் மொரீஷியஸிலும் இறங்கித்தான் போனது. அந்தக் கால விமானங்களுக்கு இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டும் தெம்பு இல்லை. இப்போது ஆஸ்திரேலிய ராணுவக் கண்காணிப்பு விமானங்களுக்காக ஓடுபாதையை வலுப்படுத்துகிறார்கள். இன்னொரு விசேஷம், மேற்குத் தீவின் கோல்ஃப் மைதானம் இந்த ஓடுபாதையின் குறுக்கே போகிறது. விமானம் வராத நாளில் இந்தப் பக்கம் நின்று அடித்தால் பந்து அந்தப் பக்கம் போய் விழும்.

இறங்கியதோடு பயணம் முடியாது. விமான நிலையம் மேற்குத் தீவில். கொக்கோஸ் மலாய் மக்கள் வாழ்வது காயலுக்கு அக்கரையில் உள்ள ஹோம் தீவில். அங்கே போகப் படகு. அதன் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா வேண்டுமா? கடப்பிதழ்?

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் ஆஸ்திரேலியாவின் இடிஏ எனும் மின்னியல் அனுமதி எடுத்தால் போதும். அது பலமுறை நுழைய இடம் தருவது. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்பவர்கள் வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை ஒருமுறை நுழைவாக வாங்காமல் பலமுறை நுழைவாகவே கேளுங்கள். தீவுகள் ஆஸ்திரேலியாவின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதால், பெர்த்தில் தீவு விமானம் கிளம்புவது அனைத்துலக முனையத்திலிருந்துதான். சோதனையும் அனைத்துலகப் பயணம் போலவே இருக்கும், நேரத்தோடு போய்விடுங்கள்.

சாப்பாடு கொண்டுபோகலாமா?

பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, வீட்டு ஊறுகாய் ஜாடி எல்லாம் பெர்த்திலேயே மாட்டிக்கொள்ளும். எதைக் கொண்டுபோனாலும் வருகை அட்டையில் எழுதிக்கொடுங்கள். மறைத்தால் அபராதம் கடுமை. கிறிஸ்துமஸ் தீவில் சீன, மலாய் உணவு கிடைக்கும். ஹோம் தீவில் ஹலால் உணவுக்குக் குறையில்லை. சைவம் மட்டும் உண்பவர்கள் தங்குமிடத்தில் சமையலறை இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். காய்கறி அங்கே கப்பலிலும் விமானத்திலும் வருவது, விலை கூடுதல்.

நண்டுகளைப் பார்க்க எப்போது போவது?

முதல் மழை விழுந்ததும் கிளம்பும். பொதுவாக அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை. கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு நடக்கும். தேய்பிறையில், நிலவு பாதியாகக் குறைந்த நாட்களில், விடியலுக்கு முன் நீர் வடியும் வேளையில் முட்டையிடும். அதனால் நாட்காட்டியில் நிலவைப் பார்த்துவிட்டுத் தேதியை எடுக்கலாம், ஆனால் மழை தாமதித்தால் நண்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடும். நமது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையோடு இது ஒத்துவருவது நல்லதுதான். தாழ்மேகமும் மழையும் அதே மாதங்களில்தான் என்பதால், விமானம் தடைபடும் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். நண்டுக்காகச் சாலைகளையும் மூடுவார்கள். விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே கிளம்புங்கள்.

கப்பலில் போக முடியுமா?

தீவுகளுக்கு இடையே பயணிகள் கப்பல் கிடையாது.

இவை ஒருகாலத்தில் சிங்கப்பூருக்குச் சொந்தமானவையாமே?

ஆமாம். கிறிஸ்துமஸ் தீவு 1900 முதலும் கொக்கோஸ் 1903 முதலும் சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்டன. 1955 நவம்பர் 23இல் கொக்கோஸும், 1958 அக்டோபர் 1இல் கிறிஸ்துமஸ் தீவும் ஆஸ்திரேலியாவிடம் போயின. கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் வருமானம் போனதற்கு ஈடாக 29 லட்சம் ஆஸ்திரேலியப் பவுண்டு சிங்கப்பூருக்குக் கிடைத்தது. அப்போதெல்லாம் தீவுக்குப் போகும் வழி சிங்கப்பூர்த் துறைமுகம். ஆட்சி மாறியதோடு வழியும் பெர்த் பக்கம் திரும்பிவிட்டது. இன்று நாம் ஐந்து மடங்கு சுற்றுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம்.

தமிழர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டன், அதே ஆண்டு நவம்பர் 9இல் கொக்கோஸ் தந்தி நிலையத்தை அழிக்க வந்தபோது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் சிக்கி, வட கீலிங் தீவில் தரைதட்டி நின்றது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

நடமாட்டம் உள்ளவர்கள் என்றால் போகலாம். ஆனால் தீவு மருத்துவ வசதி சிறியது, பெரிய நோய் என்றால் பெர்த்துக்குத்தான் விமானத்தில் கொண்டுபோவார்கள். அவசர மருத்துவ விமானச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி இல்லாமல் கிளம்பவே வேண்டாம். மாத்திரைகளை ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். விமானம் தாமதமானால் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

எட்டு நாள்தான் விடுப்பு. இரண்டு தீவையும் பார்த்துவிட முடியுமா?

அட்டவணை பொருந்தினால் முடியும், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். நடுவிலுள்ள அந்த ஒன்றரை மணி நேரப் பயணம் வாரத்தில் சில நாள்தான் கிடைக்கிறது. அது ஒருமுறை தள்ளிப்போனால் இரண்டாவது தீவில் உங்களுக்கு ஒரு பகல்கூட மிஞ்சாது. ஆண்டிறுதி என்றால் நண்டுக்காகக் கிறிஸ்துமஸ் தீவு, ஜூன் என்றால் காயலுக்காகக் கொக்கோஸ் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தீவு இருக்கையை முதலில் உறுதி செய்துவிட்டு, அதன் பிறகு சாங்கி–பெர்த் சீட்டை வாங்குங்கள். சாங்கியிலிருந்து பெர்த்துக்குத் தினமும் பல விமானங்கள் இருக்கின்றன.